வேரற்றோரின் ஒளிப்பதிவாளர்



திரைப்படத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் நடிகரைப் பற்றிப் பேசுவர். அடுத்துப் பாடலைப் பற்றிப் பேசுவர். படத்தை ஆக்கிய நெறியாளரை நினைப்போர் சிலர். ஒளிப்பதிவுக் கருவியின் பின்னால் நின்றவரையும், விளக்கைத் தூக்கிப் பிடித்தவரையும், அரங்கப் பலகைக்கு ஆணி அறைந்தவரையும் நினைப்போர் மிகமிகச் சிலர். எங்கள் இணுவிலிலே ஒரு கச்சேரி நடந்தால், தவில் யார் என்று கேட்டு அறிந்த பின்னரே மக்கள் அமர்வார்கள். தவில்மேதை தட்சணாமூர்த்தி பிறந்த மண் அது. ஆனால் அதே மக்கள் படமாளிகைக்குச் சென்றால், ஒளிப்பதிவு யார் என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்கப்படாத கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, அக்கூட்டத்தின் பக்கமே இறுதிவரை நின்ற ஒரு கலைஞரைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

அவர் பெயர் நிமாய் கோஷ். 1914 ஆம் ஆண்டிற் பிறந்து 1988 ஆம் ஆண்டில் மறைந்தவர். வங்காளத்தவராகிய அவர் சென்னையில் குடியேறித் தமிழ்த் திரையுலகத்தவராகவே வாழ்ந்தார். சோவியத் ருஷ்யாவின் தலைசிறந்த நெறியாளர்களுள் ஒருவர் அவருடைய படத்தைக் கண்டு வியந்து, தம் நாட்டு மக்களுக்குக் காட்டுவதற்கென அதனை வாங்கிச் சென்றார். சத்தியஜித் ராயின் படப்பிடிப்புகளைப் புகைப்படங்களாக எடுத்துப் புகழ்பெற்ற நேமாய் கோஷ் என்னும் இன்னொருவரும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.

நிமாய் கோஷின் கலை உருவான காலத்தை முதலில் நோக்குவோம். 1943 ஆம் ஆண்டில் வங்காளத்தைக் கொடிய பஞ்சம் பற்றிக்கொண்டது. கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குடியானவர்கள், சோற்றுக் கஞ்சி கேட்டுத் தெருக்களிலே மடிந்தனர். அவ்வாண்டிலேயே இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றிற்று. நாடகமும் பாட்டும் மக்களின் துயரைப் பேசவேண்டும் என்பது அம்மன்றத்தாரின் கொள்கை. பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு விஜன் பட்டாச்சாரியா எழுதிய ‘நவான்ன’ என்னும் நாடகம் 1944 இல் அரங்கேறியபோது, வங்க நாடக மேடையே புதுநெறி கண்டது. அரண்மனைத் திரைச்சீலைகள் மறைந்தன; சாக்குத் துணியே பின்னணி ஆயிற்று.

பஞ்சத்தின் புண் ஆறுமுன்னரே பிரிவினை வந்தது. 1947 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ராட்கிளிஃப் என்னும் ஆங்கிலேயர் வகுத்த எல்லைக்கோடு வங்காளத்தை இரண்டாகப் பிளந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. 1971 இல் வங்காளதேசம் என்னும் தனிநாடாயிற்று. தலைமுறை தலைமுறையாக ஒரே குளத்தில் நீர் மொண்ட மக்கள், ஓரிரவில் அந்நியராயினர். இலட்சக்கணக்கான குடும்பங்கள் கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு மேற்கு நோக்கி வந்தன. அவர்கள் வந்து இறங்கிய இடம் கல்கத்தாவின் சியால்தா புகையிரத நிலையம். போக்கிடமற்ற அம்மக்களுக்கு அந்நிலையத்தின் மேடையே வீடாயிற்று. அங்கேயே சமைத்தனர், அங்கேயே உறங்கினர், அங்கேயே பிள்ளை பெற்றனர்.

இக்காட்சியை நாள்தோறும் கல்கத்தாவாசிகள் கண்டனர். ஆனால் படமாளிகையின் வெண்திரையில் அதற்கு இடமிருக்கவில்லை. புராணக் கதைகளும் காதற் கதைகளும் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. இந்நிலையிலேதான் ஒளிப்பதிவாளராகத் தொழில் பயின்ற நிமாய் கோஷ், தாமே நெறியாளராகி, 1950 ஆம் ஆண்டில் ‘சின்னமூல்’ என்னும் படத்தை உருவாக்கினார். வங்கப் பிரிவினையின் அவலத்தை நேர்பொருளாகக் கொண்ட முதற் படம் என்னும் பெருமை இதற்கு உண்டு.

‘சின்னமூல்’ என்னும் பெயரைக் கேட்டதும், சிறிய ஏதோ ஒன்று என நம்மிற் சிலர் எண்ணக்கூடும். இது வடமொழிச் சொல்வழி வந்தது. சின்னாபின்னம் என்று நாம் வழங்குகின்றோமே, அந்தச் ‘சின்னம்’ தான் இங்கும் நிற்பது. வெட்டுண்டது என்பது அதன் பொருள். மூலம் என்பது வேர். ஆகவே, வேரறுக்கப்பட்டோர் என்பதே இப்பெயரின் பொருளாகும்.

கதை எளியது. கிழக்கு வங்காளத்தில் ஓர் ஊர். அங்கே ஸ்ரீகாந்தன் என்னும் குடியானவனும் அவன் மனைவி வாதாசியும் ஊராரும் ஒருவரோடொருவர் இணங்கி வாழ்கின்றனர். பிரிவினை வருகின்றது. ஊர் கலைகின்றது. மக்கள் கல்கத்தாவுக்கு வந்து திகைக்கின்றனர். கதை இவ்வளவே. ஆனால் அதிலே ஒரு காட்சி, படத்தைக் கண்டோர் அனைவரும் மீண்டும் மீண்டும் எடுத்துரைப்பது. ஊரார் புறப்படும் வேளையில் ஒரு மூதாட்டி, தன் வீட்டு வாயிற் கம்பத்தைக் கைகளாற் கட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று கதறுகின்றாள். உறவினர் அழைக்கின்றனர், அவள் விடவில்லை. எல்லைக்கோடு என்ன, ஆட்சிமாற்றம் என்ன என்று விளக்கும் நூறு சொற்பொழிவுகள் சொல்லாததை அந்த இரண்டு கைகள் சொல்லிவிடுகின்றன.

இப்படம் எடுக்கப்பட்ட முறையும் நோக்கத்தக்கது. அலங்கார முகப்பூச்சு நீக்கப்பட்டது. நாடக மன்றத்தைச் சார்ந்த கலைஞர்கள் முக்கிய பாத்திரங்களை ஏற்றனர். பின்னாளில் பெரும் நெறியாளராக விளங்கிய இருத்விக் கட்டக் இப்படத்தில் நடித்ததோடு, உதவியாளராகவும் பணிபுரிந்தார். இவர்களோடு உண்மையான அகதிகளும் படத்தில் தோன்றினர். சியால்தா நிலையத்திலேயே கருவி நிறுத்தப்பட்டது. சென்னையிலும் கல்கத்தாவிலும் படமென்றால் கலையகத்துக்குள்ளே பலகையும் துணியும் கொண்டு அமைத்த வீடும் தெருவுமே என்றிருந்த காலம் அது. இத்தாலிய நாட்டின் யதார்த்தப் படங்கள் 1952 ஆம் ஆண்டின் சர்வதேசத் திரைப்பட விழாவின் மூலமே இந்தியாவிற் பரவலாக அறிமுகமாயின. நம் நாட்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கலையகத்தை விட்டு வெளியேறி ‘ரேகாவ’ படத்தை எடுத்தது 1956 இல். இவற்றுக்கெல்லாம் முன்னரே நிமாய் கோஷ் தம் கருவியைச் சனக் கூட்டத்தின் நடுவே கொண்டு சென்றுவிட்டார்.

இவ்வளவு செய்தும் பயன் என்ன? படமாளிகையிற் பணம் திரளவில்லை. அகதியைத் தெருவிற் காண்பவர் அதே அகதியைக் காசு கொடுத்துத் திரையிலும் காண்பாரா என்று வணிகர் கேட்பது இயல்பு.

இவ்வேளையில் ஒரு விருந்தினர் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் சோவியத் நெறியாளர் வெசெவொலோட் புடோவ்கின். நடிகர் நிக்கொலாய் செர்க்காசோவுடன் 1951 ஆம் ஆண்டளவில் அவர் இந்தியாவிற் சுற்றுப்பயணம் செய்தார். ‘சின்னமூல்’ படத்தைப் பார்த்த அவர், அதனைச் சோவியத் நாட்டில் திரையிட ஏற்பாடு செய்தார். அங்கே அப்படம் 188 படமாளிகைகளிற் காட்டப்பெற்றது. பிறந்த நகரத்தில் இடம் தேடித் தவித்த படம், மொழியறியாத மக்களிடையே அத்தனை அரங்குகளிற் பேசிற்று.

புடோவ்கின் யார் என்பதை அறிந்தால், இந்தப் பாராட்டின் நிறை விளங்கும். 1893 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், இளமையில் விஞ்ஞானம் பயின்றவர். முதலாம் உலகப் போரிற் படைவீரராகச் சென்று, ஜெர்மனியரிடம் சிறைப்பட்டு ஆண்டுகள் சிலவற்றைக் கழித்தார். விடுதலை பெற்று மீண்ட பின்னர் மாஸ்கோவின் திரைப்படப் பள்ளியிற் சேர்ந்து, குலெஷோவ் என்னும் ஆசிரியரிடம் பயின்றார். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தின் அருகிலும், ஒருமுறை சவப்பெட்டியின் அருகிலும் சேர்த்துக் காட்டினால், முதலிற் பசியும் பின்னர்த் துயரமும் அம்முகத்திலே தோன்றுவதாகப் பார்ப்போர் மயங்குவர் என்று அப்பள்ளியார் கண்டனர். முகம் ஒன்றே, அடுத்து வைத்த காட்சியே பொருளை மாற்றுகின்றது. பாட்டிலே ஒரு சொல்லின் பொருள், அதன் அயலில் நிற்கும் சொல்லால் விளங்குவது போன்றது இது.

இந்த நுட்பத்தைப் புடோவ்கின் மனித உள்ளத்தை விளக்கப் பயன்படுத்தினார். மாக்சிம் கோர்க்கியின் ‘தாய்’ நாவலைத் தொ.மு.சி. ரகுநாதனின் தமிழ் மொழிபெயர்ப்பில் நேயர்களுட் பலர் படித்திருப்பீர்கள். அந்நாவலைத் தழுவி 1926 ஆம் ஆண்டில் அவர் எடுத்த மௌனப் படம் உலகப் புகழ் பெற்றது. தொழிலாளர் ஊர்வலம் வீதியிலே திரண்டு வருகின்றது. அயலிலே, உறைந்து கிடந்த ஆறு இளவேனிலில் வெடித்து, பனிப்பாளங்கள் ஒன்றையொன்று மோதி ஓடுகின்றன. இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகின்றார். விளக்கம் ஒன்றும் வேண்டியதில்லை. காலம் உருகி நகர்கின்றது என்பதைக் கண்ணே உணர்ந்துவிடுகின்றது. இப்படத்திலும் வரலாற்றின் நடுவே நிற்பவள் ஓர் எளிய முதியவளே. ‘தாய்’ படத்தின் நெறியாளர், வாயிற் கம்பத்தைப் பற்றிய வங்க மூதாட்டியைக் கண்டு உருகினார் என்பதில் வியப்பில்லை.

ஈண்டு ஓர் உண்மையையும் மறைத்தல் கூடாது. ருஷ்யாவில் அரசு கலைஞனைப் போற்றிற்று; அதே அரசு அவன் கையையும் பிடித்தது. 1946 ஆம் ஆண்டில் ஆளுங்கட்சி வெளியிட்ட தீர்மானம், புடோவ்கின் எடுத்த ‘நகீமோவ்’ என்னும் படத்தைக் கண்டித்தது. அவர் அப்படத்தைத் திருத்தி எடுக்க வேண்டியவரானார். 1953 ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1991 இல் அந்த ஒன்றியமே கலைந்தது. அங்கே ஆணை தடுத்தது. இங்கே பணம் தடுத்தது. கலைஞனுக்குத் தடையில்லாத நாடு எதுவுமில்லை.

மீண்டும் நிமாய் கோஷிடம் வருவோம். 1950களில் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். வேரறுந்தோரைப் படமெடுத்தவர், தம் சொந்த ஊரையும் மொழியையும் விட்டு, அறிமுகமில்லா நகரில் ஒளிப்பதிவாளராகப் பிழைப்பைத் தொடங்கினார். ஆயினும் அவர் தனியராக இருக்கவில்லை. எம்.பி. சீனிவாசன் என்னும் இசையமைப்பாளரும், இடதுசாரி எண்ணம் கொண்ட எழுத்தாளர்களும் கலைஞர்களும் அவருக்குத் தோழராயினர். இக்கூட்டுறவின் பயனாக 1960 ஆம் ஆண்டில், அவருடைய நெறியாள்கையில் ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்ப் படம் வெளிவந்தது.

தமிழ்த் திரையிலே தொழிலாளர் உரிமையை அறைகூவிய முன்னோடிப் படம் இது. எஸ்.வி. சகஸ்ரநாமம், கே. விஜயன், எல். விஜயலட்சுமி முதலியோர் நடித்தனர். எம்.பி. சீனிவாசன் இசையமைத்த முதற் படம் இதுவே. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும், கே.சி.எஸ். அருணாசலமும், சிறுகதை மன்னர் எனப் போற்றப்பெற்ற ஜெயகாந்தனும் பாடல்கள் இயற்றினர். அப்பாடல்களை வானொலியிற் கேட்டு இன்றும் நினைவில் வைத்திருக்கும் நேயர்கள் உளர். இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் நற்சான்றிதழும் இப்படத்துக்குக் கிடைத்தது. ஆனால் வணிகத்தில் இதுவும் தோற்றது. பாட்டு நிலைத்தது; படம் நிலைக்கவில்லை.

அதே 1960 ஆம் ஆண்டிலே, முன்பு அவருக்கு உதவியாளராக இருந்த இருத்விக் கட்டக், அகதிக் குடும்பம் ஒன்றின் கதையாகிய ‘மேகே டாகா தாரா’ படத்தை வங்காளத்தில் வெளியிட்டார். ‘சின்னமூல்’ நட்ட விதை அங்கே மரமாயிற்று. நட்டவரோ ஆயிரம் மைல் தொலைவில், தமிழ்நாட்டில், நட்டத்தோடு நின்றார்.

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழும். வாழ்நாளில் இரு பெரும் படங்களை எடுத்து, இரண்டிலும் பொருள் ஈட்டாத ஒருவரை வெற்றிபெற்றவர் என்று கூறலாமா? இதற்கு விடை, அவர் பின்னர்ச் செய்த பணியிலே உள்ளது.

அக்காலச் சென்னைக் கலையகங்களில் நாயகனுக்கு இலட்சங்கள் கிடைத்தன. விளக்குத் தூக்குபவருக்கும், ஒப்பனை செய்பவருக்கும், தச்சருக்கும், தையற்காரருக்கும் வேலை நேரம் இத்தனை என்ற வரையறை இல்லை. கூலி இன்ன நாளிற் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு படம் நின்றுபோனால் அவர்கள் அடுப்பும் அணைந்துவிடும். நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் இம்மக்களை ஒன்றுதிரட்டினர். ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம், சங்கங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு என்னும் ஏற்பாட்டுக்கு முன்னின்று உழைத்தவர்கள் இவர்கள். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் என இன்று விளங்கும் அமைப்பின் வரலாற்றில் இவ்விருவர் பெயரும் நிலைபெற்றுள்ளன. ஒருவர் ஒளிப்பதிவாளர், மற்றவர் இசையமைப்பாளர். இருவரும் மறைந்ததும் ஒரே ஆண்டில், 1988 இல்.

ஒளிப்பதிவுத் தொழிலையும் அவர் கைவிடவில்லை. ஜெயகாந்தன் தாமே நெறிப்படுத்திய ‘யாருக்காக அழுதான்’ படத்துக்கும், ஜி.வி. ஐயர் 1975 ஆம் ஆண்டிற் கன்னடத்தில் எடுத்த ‘ஹம்சகீதே’ படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர் அவரே. மொழி எதுவாயினும், தரமான முயற்சி எங்கே நடந்ததோ அங்கே அவர் கருவி நின்றது.

நேயர்களே, நிமாய் கோஷின் வாழ்வில் நான் காணும் ஒருமைப்பாடு இதுதான். திரைக்குள்ளே எளியவனைக் காட்டிப் புகழ் பெற்றவர் உலகிற் பலர் உளர். ஆனால் அந்த எளியவனைக் காட்டும் வேளையில், கருவியின் அருகே வியர்வை சிந்தும் இன்னோர் எளியவனை மறந்துவிடுவோரும் அவர்களுட் பலர். ஏழையைப் பற்றிய படத்தை, ஏழைக்குக் கூலி கொடாமல் எடுத்தால், அதில் உண்மை எங்கே நிற்கும்? நிமாய் கோஷ் இரண்டையும் ஒன்றாகக் கண்டார். சியால்தா மேடையிற் கிடந்தவனும், கோடம்பாக்கத்தில் விளக்குச் சுமந்தவனும் அவருக்கு ஒருவரே.

மொழி அறியாதவர் ஒரு மக்களின் வாழ்வைக் காட்ட இயலுமா என்று ஐயுறுவோருக்கும் அவர் வாழ்வு விடை கூறும். நமது நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜ, காவலூர் இராசதுரையின் எழுத்தைக் கொண்டு 1977 ஆம் ஆண்டில் ‘பொன்மணி’ என்னும் தமிழ்ப் படத்தை யாழ்ப்பாணத்திலேயே எடுத்தார். சீதனத்தாலும் சாதியாலும் இறுகிய நம் குடும்ப வாழ்வை அவர் கூர்ந்து நோக்கினார். அதுவும் வணிகத்தில் வெல்லவில்லை; ஆயினும் அக்கால யாழ்ப்பாணத்தின் முகத்தைப் பார்க்க விரும்புவோர் இன்று அதனைத் தேடுகின்றனர். தோற்ற படங்கள் சில, காலம் சென்றபின் ஆவணங்களாகி நிற்கின்றன.

‘சின்னமூல்’ கதையைக் கேட்கையில், வலிகாமத்து நேயர்களின் உள்ளம் வேறோரிடத்துக்குச் சென்றிருக்கும் என்பதை நான் அறிவேன். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் நாள் இரவில், இணுவிலும் அதன் அயலூர்களும் ஒரேயடியாகப் பெயர்ந்தன. செம்மணி வெளியூடாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் மழையிலும் சேற்றிலும் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி நடந்தனர். வீட்டைப் பூட்டி, சாவியை மடியிற் கட்டிக்கொண்டு நடந்தவர் பலர். வரமாட்டேன் என்று திண்ணையை விட்டு எழாத முதியவரும் அன்று நம்மிடையே இருந்தனர். வங்க மூதாட்டி நமக்கு அந்நியள் அல்லள்.

அவ்விரவைக் கண்டோர் இன்று முதியோராகின்றனர். பள்ளிகளில் இன்று பயிலும் பிள்ளைகள் அதற்குப் பல ஆண்டுகள் பின்னர்ப் பிறந்தவர்கள். அவர்களுக்கு அஃது ஒரு திகதி மட்டுமே. திரைப்படம் எடுப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும்; அஃது எல்லோர்க்கும் இயலாது. ஆனால் நிமாய் கோஷ் செய்தவற்றுள் முதன்மையான செயலுக்குப் பொருள் வேண்டியதில்லை. துன்பம் நடந்த இடத்துக்குச் சென்றார், துன்புற்றவரையே பேசவிட்டார், அவர் முகத்துக்குப் பூச்சுப் பூசவில்லை. ஒரு மாணவன் தன் பேர்த்தியாரின் அருகில் அமர்ந்து, அன்றிரவு எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டுவந்தீர்கள் என்று கேட்டு, அவர் கூறிய சொல்லை அவர் கூறியவாறே எழுதி வைப்பானாயின், அவனும் இப்பணியையே செய்கின்றான். மிகைப்படுத்த வேண்டாம், பழிதூற்றவும் வேண்டாம். எந்த வீடு, எந்தப் பாதை, எத்தனை நாள், யார் சோறு தந்தார் என்பன போதும். இவ்வாறு எழுதப்பெற்ற ஏடுகள் ஒவ்வொரு பள்ளியின் நூலகத்திலும் ஓர் அலுமாரியை நிரப்புமாயின், நாளை படமெடுக்க முற்படும் இளைஞனுக்கு அதைவிடச் சிறந்த கதைக்கருவூலம் வேறில்லை.

அவ்விளைஞன் வருங்காலத்திற் படமெடுக்கும்போது, அவனுக்கு விளக்குப் பிடிப்பவரின் பெயரையும் திரையிலே தெளிவாகப் பொறிப்பானாக. அன்றைய கூலியை அன்றே கொடுப்பானாக. நிமாய் கோஷுக்குச் செய்யத்தக்க அஞ்சலி அதுவே.